பல்கலைக் கழகம் புகுமுன் தேகத் திறன் இலக்கு

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் தில்லியிலிருந்து வெளியாகின்றன. அதன்பின் நுழைவுப் பரீட்சை, விண்ணப்பம், இடம் ஒதுக்கீடு என்று சில வாரங்கள் கழிகின்றன. 2022-ஆம் ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக் கழகத்தின் இளநிலை வகுப்புகளுக்குப் பொது நுழைவுப் பரீட்சை வாயிலாகவே மாணவர் சேர்க்கப்படுகின்றனர். அண்மை ஆண்டுகளில் முதலாண்டு வகுப்புகள் ஆகஸ்டு மாதத்திலேயே தொடங்கியிருக்கின்றன. பள்ளியின் கடைசி மணிக்கும் கல்லூரியின் முதல் மணிக்கும் இடையில், இவ்வாறு ஏறக்குறைய மூன்று மாதங்கள் கிடைக்கின்றன.

இந்த இடைக்காலத்தில் எந்தப் பாடத்தைப் படிப்பது, எந்தக் கல்லூரியில் சேர்வது, எங்கே தங்குவது என்பன பற்றிக் குடும்பத்தினர் நீண்ட நேரம் கலந்து பேசுகின்றனர். மாணவரின் உடல் நிலை பற்றிய பேச்சு எழுவது அரிது. ஆயினும் உடலைப் பொறுத்த மட்டில் இது ஒரு திருப்புமுனையாகும். பள்ளியில் தேகப் பயிற்சிக்கென ஒரு பாடவேளை உண்டு. விளையாட்டு ஆசிரியரின் ஊதல் உண்டு. உடன் ஓடும் தோழர்கள் உண்டு. கல்லூரியில் இவை யாவும் மாணவரின் விருப்பத்துக்கு விடப்படுகின்றன. கட்டாயம் நீங்கியவுடன் பழக்கமும் நீங்கிவிடுதல் உலகெங்கும் காணப்படும் இயல்பு. ஆகவே, எந்த அளவு பயிற்சி, எதற்காக, எப்பொழுது என்பதைக் கல்லூரி வாயிலில் நுழையுமுன்பே முடிவு செய்து கொள்வது நன்று. இம்முடிவை எய்துவதில் பள்ளி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எவ்வாறு உதவலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தேசிய முயற்சிகள்

இளைஞரின் தேகத் திறன் பற்றிய கவலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1920-ஆம் ஆண்டிலேயே ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். விடுதலைக்குப் பின் மத்திய அரசாங்கம் 1956-இல் உடற்கல்விக்கும் பொழுதுபோக்குக்குமான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. அடுத்த ஆண்டில் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி தொடங்கப் பெற்றது. 1959-60-இல் மத்திய கல்வி அமைச்சகம் தேசிய தேகத் திறன் இயக்கத்தை நாடெங்கும் நடத்தத் தொடங்கியது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் முதலியவற்றில் வயதுக்கேற்ற அளவுகளை வகுத்து, மக்கள் தங்கள் திறனைத் தாங்களே சோதித்தறிய வாய்ப்பளித்தது இவ்வியக்கத்தின் சிறப்பு.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஹாக்கி வீரர் தியான் சந்தின் பிறந்த நாளாகிய தேசிய விளையாட்டு நாளில், புது தில்லியிலுள்ள இந்திரா காந்தி உள்ளரங்கில் 'ஃபிட் இந்தியா' இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வயதுக்கேற்ற பயிற்சி நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. 5 முதல் 18 வயது வரை ஒன்று, 18 முதல் 65 வரை மற்றொன்று, அதற்கு மேற்பட்டோர்க்கு இன்னொன்று என இவை மூவகைப்படும். பல்கலைக் கழகம் புகும் மாணவர் முதல் நெறிமுறையிலிருந்து இரண்டாவதற்கு மாறும் வாசற்படியில் நிற்கின்றார் என்பதை ஆசிரியர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இதே எல்லைக்கோடு காணப்படுகின்றது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள், மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது அது. 18 வயதுக்கு மேற்பட்டோர்க்கு வாரக் கணக்கே கூறப்படுகின்றது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான உழைப்பு, இவற்றோடு வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. அளவு குறைந்தது போலத் தோன்றினும், பொறுப்பு முழுவதும் தனி மனிதர் மீது விழுகின்றது என்பதே உண்மை.

தேகத் திறன் என்பது யாது?

தேகத் திறன் என்றவுடன் பருத்த புயங்களையோ மெலிந்த இடையையோ நினைத்துக் கொள்வது இளைஞரின் இயல்பு. விஞ்ஞானிகள் இதனை ஒரே பண்பாகக் கொள்வதில்லை. இருதயமும் நுரையீரலும் நீண்ட நேரம் ஈடு கொடுத்து உழைக்கும் ஆற்றல், தசைகளின் வலிமையும் தாங்கும் சக்தியும், மூட்டுகளின் வளையுந் தன்மை, உடலில் கொழுப்புக்கும் பிற திசுக்களுக்கும் உள்ள விகிதம் ஆகியன இதன் முக்கிய உறுப்புகள். ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் குறைந்திருக்கக் கூடும். நூறு தண்டால் எடுக்கும் இளைஞர் மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குவதுண்டு. நெடுந்தூரம் நடக்கும் பெண் கனமான பெட்டியைத் தூக்க இயலாதிருப்பதுமுண்டு.

பயிற்சியால் உடலில் விளையும் மாறுதல்களை அறிந்தவர்க்கு இலக்கு வகுப்பது எளிது. தொடர்ந்து ஓடவும் விரைந்து நடக்கவும் பழகுபவரின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னிலும் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றுகின்றது. அதனால் ஓய்வு நேரத்தில் துடிப்பின் எண்ணிக்கை குறைகின்றது. தசைகளில் பிராண வாயுவைப் பயன்படுத்திச் சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் பெருகுகின்றன. வலிமைப் பயிற்சியின் முதற் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. ஆயினும் வலிமை கூடுகின்றது. நரம்புகள் தசை இழைகளை ஒருங்கே இயக்கக் கற்றுக் கொள்வதே இதன் காரணம். தசையின் பருமனில் காணத்தக்க மாறுதல் பின்னரே நிகழ்கின்றது. இதனை அறியாத இளைஞர் மூன்று வாரம் பயின்று கண்ணாடியைப் பார்த்து, பலனில்லை என்று கைவிட்டு விடுகின்றனர்.

எலும்பைப் பொறுத்தவரை காலம் இன்னும் முக்கியமானது. ஒருவர் வாழ்நாளில் அடையும் எலும்புத் திண்மையின் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்து விடுகின்றது. குதித்தல், ஓடுதல், பளு தூக்குதல் முதலியன இச்சேமிப்பை மிகுவிக்கும். மத்திய வயதுக்குப் பின் எலும்பு தேயத் தொடங்குகையில் இச்சேமிப்பே கை கொடுக்கின்றது. வெயில் மிகுந்த தில்லியிலும் வைட்டமின் 'டி' குறைவு மக்களிடையே பரவலாக உள்ளதென அந்நகர ஆராய்ச்சியாளர் பன்முறை கண்டுள்ளனர். அறைக்குள்ளேயே பகற்பொழுதைக் கழிக்கும் மாணவர்க்கு இது ஓர் எச்சரிக்கையாகும்.

முதலில் அளவிடுக

புறப்படும் இடம் தெரியாதவர்க்குப் போகும் வழியைக் குறித்துக் கொடுத்தல் இயலாது. ஆகவே இலக்கை வகுக்குமுன் உடல் நிலையை அளந்தறிதல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட 'கேலோ இந்தியா' சோதனை வரிசையில், ஒன்பது வயதுக்கு மேற்பட்ட மாணவர்க்கு 50 மீட்டர் விரைவோட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்வளைந்து விரல் எட்டும் தூரம், வயிற்றுத் தசைக்கான அரை எழுச்சி, தண்டால், உயரமும் எடையும் ஆகியவை இடம் பெற்றுள்ளன. மாணவியர்க்கு முழங்காலை ஊன்றிய தண்டால் கூறப்பட்டுள்ளது. பள்ளியை விட்டு நீங்குமுன் இச்சோதனையை ஒருமுறை நடத்தி, அளவுகளை மாணவரின் குறிப்பேட்டில் எழுதிக் கொடுப்பது ஆசிரியர் அளிக்கத்தக்க நல்ல பிரியாவிடைப் பரிசாகும்.

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக் கொள்ளச் செய்வதும் பயனுடையது. சில வாரப் பயிற்சிக்குப் பின் அவ்வெண் குறைந்திருப்பதைக் காணும் மாணவர்க்கு வேறு ஊக்கவுரை வேண்டியதில்லை.

எடையைத் தனித்து நோக்காமல் உயரத்தோடு சேர்த்து நோக்க வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண். இது 18.5-க்குக் குறைந்தால் எடை போதாது என்பது பொதுவிதி. இந்தியரின் உடலில், அதே எடையுள்ள ஐரோப்பியரைக் காட்டிலும் கொழுப்பு மிகுதியாக இருப்பதால், 23-க்கு மேற்பட்டால் மிகை எடை என்றும், 25-க்கு மேற்பட்டால் பருமன் என்றும் இந்திய மருத்துவ நிபுணர்கள் 2009-இல் ஒருமித்து வரையறுத்தனர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர்க்கு 50.5 கிலோ முதல் 62.5 கிலோ வரை தக்க எடை என்பது இக்கணக்கின்படி கிடைக்கும் விடை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாதிருத்தல் நலம்.

இரத்தச் சோகை: மறைந்திருக்கும் தடை

இங்கே ஆசிரியர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு மாணவி 600 மீட்டர் ஓட்டத்தில் பாதியிலேயே நின்று விடுகின்றாள். படியேறினால் மார்பு படபடக்கின்றது. மாலையில் சோர்ந்து படுத்து விடுகின்றாள். அவளைச் சோம்பேறி என்று கூறுவது எளிது. ஆனால் 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினரும், அதே வயதுள்ள ஆண்களில் 31 சதவீதத்தினரும் இரத்தச் சோகை உடையவர்கள். பிராண வாயுவை நுரையீரலிலிருந்து தசைக்குச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். சுமக்கும் வண்டிகள் குறைந்திருக்கையில் இருதயம் எவ்வளவு விரைந்து அடித்தாலும் சரக்கு போய்ச் சேர்வதில்லை. அத்தகைய மாணவியிடம் இன்னும் ஒரு சுற்று ஓடு என்று வற்புறுத்துதல் அறியாமையேயன்றி ஊக்கமாகாது.

ஆகவே பயிற்சி இலக்குக்கு முன்னதாக ஹீமோகுளோபின் அளவை அறிந்து கொள்ளுதல் மாணவியர் அனைவர்க்கும், சோர்வுடைய மாணவர்க்கும் அவசியம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமும் ஆண்களுக்கு 13 கிராமும் இருத்தல் வேண்டும். இச்சோதனையை அரசாங்க சுகாதார நிலையங்களில் செய்து கொள்ளலாம். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரை, பள்ளியை விட்டு நீங்கியதும் நின்று விடுகின்றது என்பதையும் நினைவிற் கொள்க. குறைவு இருப்பின் அத்தகைய மாணவியின் முதல் இலக்கு ஓட்டமன்று; மருத்துவர் ஆலோசனைப்படி மூன்று மாதங்களில் இரத்தத்தைச் செம்மைப்படுத்திக் கொள்ளுதலே அவளது முதல் இலக்காகும். மெல்லிய நடையை அதனோடு சேர்த்துக் கொள்ளலாம்.

பயிற்சியின்போது மார்பு வலி, மயக்கம், காரணமற்ற மூச்சுத் திணறல் தோன்றியவர்களும், சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு கூடிய வாதக் காய்ச்சல் கண்டவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயதிலேயே திடீர் இருதய மரணம் நேர்ந்தவர்களும் மருத்துவரைக் கண்ட பின்னரே கடும் பயிற்சியில் இறங்க வேண்டும்.

நல்ல இலக்கின் இலக்கணம்

'கல்லூரியில் சேர்ந்ததும் நன்றாக உடற்பயிற்சி செய்வேன்' என்பது இலக்கன்று, விருப்பம். அமெரிக்க உளவியலறிஞர் எட்வின் லாக் 1968-இல் வெளியிட்ட ஆய்வும், அதன்பின் வந்த பலவும் ஓர் உண்மையை நிலைநாட்டியுள்ளன. இயன்றதைச் செய் என்று கூறப்பட்டவர்களைக் காட்டிலும், திட்டவட்டமான, சற்றுக் கடினமான இலக்கை ஏற்றவர்கள் மிகுதியாகச் சாதிக்கின்றனர். ஆனால் அவ்விலக்கை அவர்கள் மனமார ஏற்றிருக்க வேண்டும். முன்னேற்றம் எவ்வளவு என்பது அவ்வப்போது அவர்களுக்குத் தெரிந்து கொண்டிருக்கவும் வேண்டும்.

இரண்டாவதாக, விளைவை இலக்காக்குவதைவிடச் செயலை இலக்காக்குவது சிறந்தது. 'ஐந்து கிலோ எடை குறைப்பேன்' என்பது விளைவு. அது முழுவதும் நம் கையில் இல்லை. 'வாரத்தில் ஐந்து நாள் மாலை ஆறு மணிக்கு முப்பது நிமிடம் விரைந்து நடப்பேன்' என்பது செயல். இது நம் கையில் உள்ளது. முப்பதை ஐந்தால் பெருக்கினால் 150 நிமிடங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் குறைந்த அளவு இதிலேயே நிறைவேறி விடுகின்றது. விரைந்த நடை என்பதற்கு எளிய அடையாளம் உண்டு: பேச இயல வேண்டும், பாட இயலக் கூடாது. எண்ணிக்கையால் அறிய விரும்புவோர் 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும். 18 வயதினர்க்கு அது 202. மிதமான உழைப்பில் நாடி நிமிடத்துக்கு 130 முதல் 154 வரை இருக்கலாம்.

மூன்றாவதாக, இலக்கு அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். விளையாட்டுப் பிரிவில் இடம் நாடும் மாணவரின் இலக்கு வேறு. தேசிய மாணவர் படையில் சேர விரும்புபவரின் இலக்கு வேறு. தினமும் மூன்று மணி நேரம் பேருந்திலும் மெட்ரோ ரயிலிலும் கழிக்கும் மாணவியின் இலக்கு வேறு. மூன்றாமவள் இறங்குமிடத்துக்கு ஒரு நிலையம் முன்னதாக இறங்கி நடப்பதும் பயிற்சியே. உடல் ஊனமுற்ற மாணவர்க்கும் இதே வழிகாட்டி உரியது. அவரவர்க்கு இயன்ற அசைவுகளைக் கொண்டு அது அமைக்கப்பட வேண்டும்.

ஏன் இப்பொழுதே?

கல்லூரியில் சேர்ந்த பின் பார்த்துக் கொள்ளலாகாதா என்று கேட்கக்கூடும். இதற்கு ஓர் ஆய்வு விடை தருகின்றது. வெண்டி வுட் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் சகாக்களும், அமெரிக்காவில் ஒரு பல்கலைக் கழகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிய மாணவர்களை, மாறுவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு மாதம் பின்பும் ஆராய்ந்து, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். உடற்பயிற்சி, செய்தித்தாள் படித்தல், தொலைக்காட்சி பார்த்தல் ஆகிய பழக்கங்கள், இடமும் சூழலும் பழையபடியே அமைந்தவரிடம் தொடர்ந்தன. சூழல் மாறியவரிடம் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. அவர்கள் தங்கள் மனத்தீர்மானப்படி நடக்கத் தலைப்பட்டனர்.

இதிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். பள்ளியில் நன்றாக ஓடி விளையாடியவர் கல்லூரியிலும் தானாகவே விளையாடுவார் என்று எதிர்பார்த்தல் தவறு. பழைய மைதானமும் பழைய தோழரும் இல்லாவிடத்து அப்பழக்கம் உதிர்ந்து விடக் கூடும். மறுபுறம், இதுவரை பயிற்சியே செய்யாதவர்க்கு இம்மாற்றம் ஓர் அரிய வாய்ப்பு. பழைய சோம்பலின் பிடியும் அப்பொழுது தளர்கின்றது. இருவரிடத்தும் முன்கூட்டிச் செய்த தீர்மானமே துணையாகின்றது.

பழக்கம் வேரூன்ற எவ்வளவு காலம் ஆகும்? லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் பிறரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து ஆராய்ந்ததில், புதிய செயல் தானாக நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாட்கள் ஆவதாகக் கண்டனர். ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு விளையவில்லை என்பதும் அவர்கள் கண்ட உண்மை. ஒரு நாள் விட்டுப் போனதே, இனிப் பயனில்லை என்று மனமுடையும் மாணவர்க்கு இதனை எடுத்துச் சொல்லல் வேண்டும்.

தில்லியின் பருவங்கள்

தில்லியில் பயிலப் போகின்றவர், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து அங்குச் செல்கின்றவர், அந்நகரின் சீதோஷ்ண நிலையை அறிந்து திட்டமிடல் இன்றியமையாதது. மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். உடல் வெப்பத்துக்குப் பழகிக் கொள்ள ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை ஆகும். பழகிய உடல் விரைவிலேயே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பும் குறைவாகவே வெளியேறும். ஆகவே முதல் இரு வாரங்களில் பயிற்சியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, சூரியன் எழுமுன் முடித்து விடுதல் வேண்டும். ஜூன் 27-ஐ ஒட்டிப் பருவமழை தில்லியை எட்டுவது சராசரி வழக்கு. அதன்பின் வெப்பம் தணிந்தாலும் காற்றில் ஈரம் மிகுவதால் வியர்வை ஆவியாவது தடைப்படுகின்றது. நீர் பருகுவதில் அசட்டை கூடாது.

அக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை வேறொரு இடர் வருகின்றது. குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்கி நிற்க, புகையும் தூசியும் அதனுள் அடைபடுகின்றன. நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 0 முதல் 500 வரை ஆறு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. 201 முதல் 300 வரை மோசம். 301 முதல் 400 வரை மிக மோசம். அதற்கு மேல் கடுமை. ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கின்றார். விரைந்து ஓடுபவரோ 60 லிட்டருக்கு மேலும் உள்ளிழுப்பார். உள்ளே செல்லும் மாசும் அதற்கேற்பப் பெருகும். ஆகையால் குறியீடு 200-ஐத் தாண்டிய நாட்களில் வெளியில் கடும் பயிற்சியைக் குறைப்பதும், 300-ஐத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்தி அறைக்குள் பஸ்கி, தண்டால், யோகாசனம் முதலியவற்றைச் செய்வதும் அறிவுடைமை. இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கலாம். அதிகாலை ஓட்டமே சிறந்தது என்பது தமிழ்நாட்டில் பழகிய பாடம். தில்லியின் பனிக்கால விடியலிலோ மாசு தரையோடு படிந்து நிற்கும். பிற்பகலில் வெயில் பட்டு, காற்று மேலும் கீழும் கலந்த பின்னரே ஓரளவு தெளிவு பிறப்பது வழக்கம்.

ஆகவே வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று என இரு வகைப் பயிற்சிகளையும் முதலிலேயே கற்று வைத்துக் கொள்வது நல்ல திட்டமாகும். நவம்பரில் மைதானம் மூடப்படும்போது பயிற்சியும் மூடப்படலாகாது.

உணவும் உறக்கமும்

கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் மாணவர் ஏழு கிலோ வரை பருத்து விடுவர் என்றொரு நம்பிக்கை மேல்நாடுகளில் உண்டு. ஆராய்ந்து பார்த்ததில் சராசரி எடை ஏற்றம் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவே எனத் தெரிய வந்தது. அச்சம் வேண்டியதில்லை, ஆயினும் இது ஆண்டுதோறும் கூடிக் கொண்டே போனால் விளைவு சிறிதன்று. எடையைக் குறைக்க வேண்டியவர் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் விரைய வேண்டியதில்லை. பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் தசையும் கரைகின்றது. எடை போதாதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் இலக்கு எடையைக் கூட்டுதலேயாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்தபடி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 50 கிராம். பருப்பு, கொண்டைக்கடலை, பால், தயிர், முட்டை, மீன் முதலியவற்றால் இதனை விடுதி உணவிலேயே பெறலாம். வட இந்திய விடுதிகளில் கிடைக்கும் ராஜ்மாவும் சனாவும் இவ்வகையில் சிறந்தவை. கடைகளில் விற்கும் புரதப் பொடிகள் இதற்கு அவசியமல்ல. விரைவில் தசை வளரும் என்று கூறித் தரப்படும் மாத்திரைகளையும் ஊசிகளையும் அறவே விலக்க வேண்டும். அவற்றில் ஹார்மோன் மருந்துகள் கலந்திருக்கலாம். அவை கல்லீரலுக்கும் இருதயத்துக்கும் ஊறு செய்வதுடன், போட்டிகளில் கலந்து கொள்வோரை ஊக்கமருந்துச் சோதனையிலும் சிக்க வைக்கும்.

இளைஞர்க்கு இரவில் 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை. உறங்கும்போதே தசை பழுது பார்க்கப்படுகின்றது. கண் விழித்துப் பயின்றுவிட்டு விடியலில் ஓடுவது இரண்டையும் கெடுப்பதாகும்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

பயிற்சி பழக்கமில்லாத ஆரோக்கியமான மாணவர் ஒருவர்க்குப் பின்வரும் ஏற்பாட்டை ஆசிரியர் பரிந்துரைக்கலாம். முதல் நான்கு வாரங்களில் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிட நடை. இரு நாட்களில் பஸ்கியும் சுவரில் கையூன்றிய தண்டாலும், பத்துப் பத்தாக இரு சுற்று. அடுத்த நான்கு வாரங்களில் நடையை 30 நிமிடமாக்கி, இடையிடையே ஒரு நிமிட மெல்லோட்டம் சேர்த்தல். தண்டாலைத் தரைக்குக் கொணர்தல். கடைசி நான்கு வாரங்களில் ஓட்டத்தின் பங்கைக் கூட்டுதலோடு, சடுகுடு, இறகுப்பந்து, சிலம்பம், நீச்சல் ஆகியவற்றில் விரும்பிய ஒன்றை வாரம் ஒருமுறை மேற்கொள்ளல். ஒவ்வொரு நான்காம் வாரக் கடைசியிலும் 600 மீட்டர் ஓட்ட நேரம், தண்டால் எண்ணிக்கை, காலை நாடித் துடிப்பு ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும்.

இதனோடு ஒரு தாளில் ஐந்து கேள்விகளுக்கு மாணவரே விடை எழுதட்டும். இப்பொழுது உடல் நிலை எவ்வாறுள்ளது? முதல் பருவ முடிவில் என்ன செய்ய இயல வேண்டும்? வாரத்தின் எந்த நாட்களில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் பயிற்சி? புகைமூட்ட நாட்களிலும் பரீட்சை நாட்களிலும் மாற்று ஏற்பாடு யாது? உடன் வரும் தோழர் யார்? கடைசிக் கேள்வி மாணவியர்க்கு மிக முக்கியம். தனியே மைதானத்துக்குச் செல்லத் தயங்கும் பெண், இருவர் மூவராகச் செல்லத் தயங்குவதில்லை. மாலையில் வெளிச்சமுள்ள இடம், திரும்பி வர வாகன வசதி ஆகியவை பற்றிப் பெற்றோரிடம் எடுத்துக் கூறி இசைவு பெறுவதும் ஆசிரியரின் பணியே. சகோதரனுக்கு ஓடுகாலணியும் சகோதரிக்கு வீட்டு வேலையும் என்னும் பிரிவினையை உடல் விஞ்ஞானம் ஏற்பதில்லை.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலிருந்தும் பிற பள்ளிகளிலிருந்தும் ஆண்டுதோறும் வெளிச்செல்லும் தமிழ் மாணவர்க்கு இத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புதல் அரிதன்று. அதற்குச் செலவாவது ஒரு தாளும் ஒரு மணி நேரமுமே. களப்பணியாளர்கள் தங்கள் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை மே மாதத்திலேயே ஒரு நாள் கூட்டி, உயரம், எடை, ஹீமோகுளோபின் ஆகியவற்றை அளந்து கொடுத்தால், பின்னர் தோன்றக்கூடிய பல குறைகளை முளையிலேயே களையலாம்.

பட்டம் பெற மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். அவ்வாண்டுகளில் சேர்த்த எலும்பும், பழகிய இருதயமும், வேரூன்றிய பழக்கமும் அதன்பின் வரும் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முதலாகும். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் அதே வாரத்தில் இத்தாளையும் நிரப்பி வைக்கும் மாணவர், அம்முதலைச் சேர்க்கத் தொடங்கி விட்டவராவர்.